மாற்று வேட்பாளர் ராக்கு

மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என்றொரு பதவி இருப்பது ராக்குவுக்கு நாற்பத்து மூன்று வயதுவரை தெரியாது. அவருக்கு மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வெள்ளைச் சீட்டு ஊர் வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு. இந்த மூன்றிலும் நிற்பவர்களை நேரில் பார்த்திருப்பார்கள். மாமன், மச்சான், பங்காளி என்று ஏதாவது உறவும் இருக்கும். நான்காவது மஞ்சள். அதுதான் மாவட்ட உறுப்பினருக்கு. ஒரு வார்டுக்கு இருபத்தைந்து ஊராட்சி, ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஓட்டு. அதில் நிற்பவர் எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று யாருக்கும் தெரியாது. நான் பரமக்குடியில் பள்ளி ஆசிரியர். பல தேர்தல்களில் ஓட்டு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முத்திரை குத்தாமல் வெறுமையாக மடித்துப் போடும் சீட்டில் மஞ்சள்தான் எப்போதும் அதிகம்.

ராக்குவின் ஊர் நெட்டேந்தல். தேவிபட்டினம் சாலையிலிருந்து மேற்கே உள்ளே போக வேண்டும். சொந்த நிலம் இல்லை. எட்டாம் வகுப்புவரை படித்தவர். பதினெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக வேலைக்குப் போவார். மழைக்காலத்தில் நெல்லுக்கும் மிளகாய்க்கும் களையெடுப்பு, மாசி பிறந்தால் குண்டு மிளகாய்ப் பழம் பறிப்பு. அவருடைய கணவர் தங்கப்பாண்டி ஒரு குட்டியானை வண்டி வைத்திருந்தார். விடியும்போது பதினெட்டுப் பேரும் அதன் பின்னால் ஏறிக்கொள்வார்கள். "ராக்கு செட்டு" என்றால், நிலம் வைத்துப் பயிர் செய்கிற சம்சாரிகளுக்கு நன்றாகத் தெரியும். சொன்ன நாளில் வருவார்கள், காம்பு உடையாமல் பழம் பறிப்பார்கள், தண்ணீர் கேட்டுக் காத்திருக்க வைத்தால் ராக்கு வயல் நடுவில் நின்று சத்தம் போடுவார். அந்தச் சத்தமும் சுற்று வட்டாரத்தில் பிரபலம்தான்.

அவர் அதிகம் வேலை செய்தது பூமிநாதனின் வயல்களில். பூமிநாதன் பெரிய சம்சாரி. முன்பு ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர், ஒரு பெரிய கட்சியின் உள்ளூர் முகம். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நெட்டேந்தல் அடங்கிய மாவட்ட வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. தன் மனைவி ஜெயப்பிரியா பெயரில் மனுத் தாக்கல் செய்தார். பெயர்தான் ஜெயப்பிரியா, வேலை பார்க்கப் போவது பூமிநாதன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கட்சிப் படிவத்தில் மாற்று வேட்பாளர் என்று ஒரு பெயர் எழுத வேண்டும். முதல் மனு தள்ளுபடி ஆனால், சின்னம் அந்த இரண்டாவது ஆளுக்குப் போகும். சொன்னால் கேட்கிற ஒரு பெண் வேண்டும் என்று யோசித்தவர், வரப்பில் நின்றுகொண்டே ராக்குவைக் கூப்பிட்டார்.

"ராக்கு, நாளைக்கு ஒரு கையெழுத்துப் போடணும். ஆதார் கார்டும் ஓட்டுக் கார்டும் எடுத்துட்டு வா."

"என்னத்துக்குண்ணே?"

"சும்மா பேருக்குத்தான். மனு ஏத்துக்கிட்டதும் உன்னோடத வாபஸ் வாங்கிரலாம்."

ராக்கு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிக் களையை எடுக்கத் திரும்பிவிட்டார்.

மனுக்களைப் பரிசீலித்த நாளன்று காலை பதினொரு மணிக்கு ஜெயப்பிரியாவின் மனு தள்ளுபடி ஆனது. காரணம் எளிமையானது. பிள்ளைகள் படிப்புக்காக அவர் மூன்று வருஷமாகப் பரமக்குடி வீட்டில் இருந்தார். ஓட்டும் பரமக்குடி நகராட்சிப் பட்டியலுக்கு மாறியிருந்தது. ஊராட்சிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் மாவட்ட ஊராட்சிக்கு நிற்க முடியாது. பூமிநாதன் மனுவோடு இணைத்திருந்தது பழைய பட்டியலின் நகல். புது மனுப் போட நாள் முடிந்துவிட்டது. அடுத்த பெயரை எடுத்து அதிகாரி வாசித்தார். அந்த நேரத்தில் அந்தப் பெயருக்கு உரியவர் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

தகவல் தங்கப்பாண்டியின் போனுக்கு வந்தது. காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் இருவரும் பூமிநாதன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே கட்சிக்காரர்கள் பத்துப் பேர், எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"ராக்கு, இனி நீதான் வேட்பாளரு" என்றார் பூமிநாதன்.

"என்னண்ணே சொல்றீக? கையெழுத்து மட்டும்னுல்ல சொன்னீக?"

"இப்பவும் அம்புட்டுதான். வண்டியில நில்லு, கும்பிடு, சிரி. பேசுறது நான் பேசிக்கிருவேன். செயிச்சா மத்ததையும் நான் பாத்துக்கிருவேன்."

வீடு திரும்பும்போது ராக்கு வண்டியில் ஓரமாக ஒதுங்கி, சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பயந்துவிட்டாள் போல என்று தங்கப்பாண்டி நினைத்தார். பாதி வழியில் ராக்கு கேட்டார்: "வார்டுல எந்தெந்த ஊரு வருதுன்னு லிஸ்டு குடுத்தாகளா?"

கொடுத்திருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, தங்கப்பாண்டி ஒவ்வொரு ஊராக வாசித்தார். ராக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். "இங்கன நாலு வருசம் பழம் எடுத்தோம்." "இது கெணத்து மேட்டு ஊரு, அந்தக் கொட்டைப்பாக்குக் கெழவி இருக்கே, அந்த ஊரு." "இங்கன போன வாரந்தான களையெடுத்தோம்?" வாசித்து முடித்ததும் கேட்டார்.

"இதுல நம்ம செட்டு கால் வைக்காத ஊரு எத்தன?"

தங்கப்பாண்டி மறுபடி பார்த்தார். "ஆறு. ஆறும் கடக்கரை."

"அப்ப பத்தொம்பது ஊராட்சியில என்னையத் தெரியும். பூமிநாதன் அண்ணனுக்கு இதுல எத்தன ஊருல எத்தன வீட்டுல ஆளு தெரியும்?"

தங்கப்பாண்டி சிரித்துவிட்டார். "அவுகளுக்குத் தெரிஞ்சது ஊருக்கு நாலு மீசைக்காரவுக."

"பொம்பளைக எத்தன பேரத் தெரியும்னு கேக்குறேன்."

தங்கப்பாண்டி லிஸ்டை மடித்து அவர் கையில் கொடுத்தார். நிற்பது என்று ராக்கு முடிவு செய்தது அந்தச் சாலையோரத்தில்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னார். அதுவரை அவரை நிறுத்தியிருந்தார்கள். அங்கேதான் அவர் நின்றார்.

முதல் இரண்டு நாள் பிரச்சாரம் பூமிநாதன் சொன்னபடியே நடந்தது. சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாகவும், ஆதார் அட்டையிலிருந்து எடுத்த ராக்குவின் முகம் மூலையில் சிறிதாகவும் இருந்தது. திறந்த ஜீப்பில் அவர் மைக்கைப் பிடித்துப் பேசினார். பக்கத்தில் ராக்கு புதுச் சேலையில் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். மூன்றாம் நாள், ஒரு ஊரின் குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏ ராக்கு! வாயில என்னடி பூட்டா போட்டுருக்காக? களத்துல அம்புட்டுக் கத்துவ!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. பூமிநாதனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். ராக்கு கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை. அது தன் பொருள்போல எடுத்துக்கொண்டார் என்று ஜீப் ஓட்டியவர் சொன்னார்.

"எனக்கு மேடப் பேச்செல்லாம் வராது. உங்களுக்கு நாலு சீட்டு தருவாக. மூணு சீட்ட உங்க ஊருக்காரவுகளுக்குப் போடுங்க. யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன், அது உங்க பாடு. மஞ்சச் சீட்டு மட்டும் எனக்கு. அத வெறுஞ்சீட்டா மடிச்சுப் போட்டீகன்னா செல்லாது. செல்லாத ஓட்டுப் போடவா ஒரு நா வேலைய விட்டுட்டு வரிசையில போயி நிக்கிறீக? மாவட்டத்துல ரோடு போடுறதுக்கும் தண்ணிக்கும் பேசுற எடத்துல ஒரு நாற்காலி நம்மளுக்குன்னு கெடக்கு. அதுல யாரு உக்காருறான்னு இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இந்தத் தடவ தெரியும்ல?"

ஜீப் ஊரைத் தாண்டியதும் பூமிநாதன் வெடித்தார். "பச்சையும் நம்ம சின்னத்துக்குத்தான் கேக்கணும். அத எவனுக்கும் போடுன்னு சொல்லிட்டு வாரியே!"

"பச்சைக்கு நிக்கிறவுக வந்து கேக்கட்டும்ணே. நான் நாலும் கேட்டா ஒண்ணும் விழுகாது."

அன்றிலிருந்து ராக்கு ஜீப்பில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் செட்டோடு வேலைக்கே போனார். களையெடுப்பு நேரம், பெண்கள் எல்லோரும் வயலில்தான் இருந்தார்கள். ஸ்டேஷனரி கடையில் மஞ்சள் சார்ட் பேப்பர் வாங்கி, ஓட்டுச் சீட்டு அளவில் வெட்டி, பெயர்களையும் சின்னங்களையும் கையால் வரைந்து வைத்திருந்தார். மதியம் சோறு தின்னும் நேரத்தில் பக்கத்து வயல் ஆட்களும் வந்து உட்கார, மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். குறுக்கே மடித்தால் ஈர மை அடுத்த சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும், சீட்டு செல்லாமல் போகும்; முதலில் நெட்டுக்கு, நீளவாக்கில், மடிக்க வேண்டும். இதை அவருக்குச் சொன்னது யார் என்று கேட்டேன். "தேர்தல் ஆபீசுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாக. எல்லாரும் அதுமேல சாஞ்சுக்கிட்டு நின்னாக. நான் படிச்சேன்" என்றார்.

மிஞ்சியது அந்த ஆறு கடற்கரை ஊராட்சிகள். அங்கே வயல் இல்லை, களை இல்லை, ராக்குவை யாருக்கும் தெரியாது. அங்கே அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நஸீஹா. தேவிபட்டினத்தில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருப்பவர். பறிக்கும் பெண்களுக்குக் கூலியாகக் கிடைக்கும் பழத்தை வாங்கிக்கொள்வார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல, ராக்கு அவரை லாத்தா என்றே கூப்பிடுவார். ராக்கு அவர் மில்லுக்குப் போய் நின்றார்.

"லாத்தா, நான் எலக்சன்ல நிக்கிறேன்."

"கேள்விப்பட்டேன். அந்தப் பூமிநாதனுக்காகத்தானே நிக்கிற?"

"அவுக நிப்பாட்டுனாக. நிக்கிறது நான்."

நஸீஹா மில்லை நிறுத்தாமலே சத்தமாகக் கேட்டார். "எங்க பொம்பளைங்க கேக்குறது ஒண்ணுதான். மீன் கூடையோட பஸ்ல ஏத்த மாட்டேங்குறான். கருவாட்டக் காயப்போட எடமில்ல. அதுக்கு என்ன சொல்ற?"

"பஸ்ஸு என் கையில இல்ல லாத்தா. செய்றேன்னு பொய் சொல்ல மாட்டேன். காயப்போடுற எடத்துக்குப் பேசுவேன். மொளகாயையும் நாங்க ரோட்டுலதான் காயப்போடுறோம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கஷ்டந்தான்."

"இன்ஷா அல்லா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் நஸீஹா. இரண்டு நாள் அவர் மில்லைப் பூட்டிவிட்டு ராக்குவோடு வீடு வீடாக நடந்தார். முடியாததை முடியாது என்று சொன்ன முதல் வேட்பாளர் இவர்தான் என்று எல்லோரிடமும் சொன்னாராம். அது எவ்வளவு தூரம் எடுபட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு ஊராட்சியும் கையை விட்டுப் போகவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி ஓட்டு எண்ணினோம். உள்ளாட்சிப் பெட்டியைக் கவிழ்த்தால் நான்கு நிறமும் கலந்து கொட்டும். முதலில் நிறம் பிரிக்க வேண்டும். பிறகு ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். எங்கள் மேசைக்கு வந்த பெட்டிகளில் மஞ்சளைப் பிரித்துக்கொண்டிருந்த சக ஆசிரியை என்னைத் தட்டி, "சார், வெறுஞ்சீட்டே இல்ல, பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். சீட்டுக்குச் சீட்டு நெட்டுக்கு மடித்து, முத்திரை கோட்டில் படாமல் கட்டத்தின் நடுவில் விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மஞ்சள் கட்டை நான் கண்டதில்லை. அப்போது எனக்கு ராக்கு யாரென்று தெரியாது. அந்தச் சீட்டுகளைப் பார்த்த பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

மாலையில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் ராக்கு வென்றதாக அறிவித்தார்கள். சான்றிதழை வாங்கப் பூமிநாதன் முதலில் கையை நீட்டினார். அதிகாரி அதை ராக்குவிடம் கொடுத்தார்.

சண்டை அடுத்த வாரமே வந்தது. ராக்குவின் பெயரில் கடிதத் தாள் அச்சடித்துக்கொண்டு பூமிநாதன் நெட்டேந்தலுக்கு வந்தார். ஐம்பது தாளில் கீழே கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், மேலே எழுத வேண்டியதை அவர் எழுதிக்கொள்வாராம்.

"எழுதிட்டுக் கொண்டாங்கண்ணே, வாசிச்சுட்டுப் போட்டுத் தாரேன்."

"என்னைய நம்பலயா?"

"நீங்க என்னைய நம்பித்தான மாத்து வேட்பாளரா எழுதுனீக? அதே நம்பிக்கதான்ணே. வாசிச்சுட்டுப் போடுறேன்."

முதல் கூட்டத்துக்கும் பூமிநாதன் கூடவே வந்தார். உறுப்பினர்கள் அமரும் அரங்கில் ராக்குவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அங்கே இன்னும் இரண்டு உறுப்பினர்களின் கணவர்மாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கு எழுந்து நின்று, சத்தம் போடாமல் சொன்னார்: "அண்ணே, இது அடுத்த வார்டு உறுப்பினரு நாற்காலி. அந்தம்மா நின்னுக்கிட்டு இருக்காக. நீங்க வெளிய இருங்க, முடிச்சுட்டு வாரேன்." நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் உட்கார்ந்தார். மற்ற இரண்டு கணவர்மாரும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கு விலை உடனே தெரிந்தது. மாசியில் பழம் பறிப்புத் தொடங்கியபோது பூமிநாதன் வயலுக்கு ராக்கு செட்டைக் கூப்பிடவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் எட்டுப் பேரும் கூப்பிடவில்லை. பதினெட்டுப் பெண்களில் நான்கு பேர் வேறு செட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் தூரத்து ஊர்களுக்குப் போய்ச் சமாளித்தார்கள். "என்னால உங்களுக்குக் கஷ்டம்" என்று ராக்கு ஒரு நாள் வண்டியில் சொன்னபோது, ஒரு பெண், "பேசாம வா. அவன் வயலு ஒண்ணும் ஒலகத்துல கடைசி வயலு இல்ல" என்றாராம். அந்தப் பேச்சை ராக்கு என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

மூன்று வாரத்தில் பூமிநாதனின் வயலில் பழம் செடியிலேயே வற்றத் தொடங்கியது. வெளியூர் ஆட்கள் காம்பை உடைத்து வைத்தார்கள். ஒரு காலை ஜெயப்பிரியா பரமக்குடியிலிருந்து பஸ் ஏறி நெட்டேந்தலுக்கு வந்தார். தனியாக வந்தார்.

"அக்கா, நாளைக்கு நம்ம வயலுக்கு வாங்க."

"அண்ணே சொன்னாகளா?"

"நான் சொல்றேன். அந்த நெலம் எங்க அப்பா எனக்குக் குடுத்தது." திண்ணையில் உட்கார்ந்து தொடர்ந்தார். "இன்னொண்ணும் சொல்லணும்க்கா. என் ஓட்டு நகராட்சிக்கு மாறுனது எனக்குத் தெரியும். நானே மாத்துனதுதான். மனுப் போடும்போது அவர்ட்ட சொல்லல."

ராக்கு திகைத்துப் போனார். "ஏன்த்தா?"

"அஞ்சு வருசம் வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்க எனக்கு ஏலாதுக்கா. நிக்க மாட்டேன்னு சொல்லவும் தைரியம் இல்ல. தள்ளுபடி ஆனா விட்டுருவாருன்னு நெனச்சேன். உங்க தலையில வந்து விழுகும்னு நெனைக்கல."

தனக்குக் கோபம் வரும் என்றுதான் ராக்கு எதிர்பார்த்தாராம். வரவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் விடியும்போது குட்டியானை பூமிநாதன் வயலில் நின்றது. செட்டை விட்டுப் போன நான்கு பேரும் அதில் இருந்தார்கள். பூமிநாதன் வரப்பில் நின்று பார்த்தார்.

ஐந்து வருஷத்தில் ராக்கு என்ன செய்தார் என்று கேட்டால் அவரே நீட்டிச் சொல்ல மாட்டார். கொரோனா இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது. மாவட்ட உறுப்பினர் கையில் அதிகாரம் குறைவு; கேட்பதுதான் வேலை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று ஊரில் மிளகாய்க்கு உலர்களம், கடற்கரையில் கருவாட்டுக்கு ஒரு சிமென்ட் தளம். அந்த நான்கும் இன்று இருக்கின்றன. அதில் ஒரு களத்தைத் தன் தோட்டத்தை ஒட்டிக் கட்டச் சொல்லி பூமிநாதன் ஆள் அனுப்பினார். ராக்கு அளவெடுக்க வந்த பொறியாளரைக் கண்மாய்க் கரைப் புறம்போக்குக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, "இங்கன கட்டுங்க. இங்கனன்னா யாரும் யாருட்டயும் கேட்டுட்டுக் காயப்போட வேண்டியதில்ல" என்றார். அங்கேதான் கட்டினார்கள். பூமிநாதன் வீட்டுப் பழமும் அங்கேதான் காய்கிறது. கண்டால் இருவரும் பேசிக்கொள்வார்கள். "என்ன உறுப்பினரே" என்று அவர் கூப்பிடுவதில் கொஞ்சம் குத்தலும் கொஞ்சம் மரியாதையும் உண்டு. முடியாமல் போனவையும் உண்டு. மீன் கூடைக்குப் பஸ் இன்னும் நிற்பதில்லை. நஸீஹா பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்.

2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்தது. நான் இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் வரவில்லை. சென்ற மாதம் நெட்டேந்தலுக்குப் போயிருந்தேன். ராக்குவுக்கு இப்போது ஐம்பது வயது ஆகப்போகிறது. அடுத்த முறை வார்டு பெண்களுக்கு இருக்குமோ, பொதுவாக மாறுமோ என்று கேட்டேன்.

"மாறுனா மாறட்டும் சார். பொது வார்டுல பொம்பள நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"கட்சி சீட்டுத் தருமா?"

"கேப்பேன். தரலன்னா சும்மாவே நிப்பேன். மஞ்சச் சீட்டு எதுக்குன்னு இப்பத்தான் எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சே."

வார்டு எல்லைகளைத் திருத்துவார்கள் என்று ஒரு பேச்சு இருப்பதையும் சொன்னேன். அது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. தெற்கே திருப்புல்லாணிப் பக்கம் சில ஊர்கள் சேரலாம் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உறுதி இல்லை. ஆனாலும் இந்தப் பருவத்துக்கு அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் நான்கு பேரிடம் பழம் பறிக்க ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

"அம்புட்டுத் தூரமா?" என்றேன்.

"தூரந்தான். அந்த ஊருப் பொம்பளைகள இன்னும் எனக்குத் தெரியாதுல்ல" என்றார் ராக்கு.